செட்டும் கட்டுமாக

எங்கள் வீட்டில் மாதம் பிறப்பது ஏழாம் தேதி. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு அன்றுதான் சம்பளம். நான் கல்யாணமாகி வந்த காலத்தில் அது கவரில் வரும். அவர் பிரிக்காமல் அத்தையிடம் கொடுத்துவிடுவார். அத்தை சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, காய்க்காரர் கத்தரிக்காயைக் கூறு கட்டுவதுபோல் நோட்டுகளைப் பிரித்து வைப்பார். வாடகை, பால், மளிகை, காய்கறி, காஸ் என்று எல்லா வீட்டிலும் உள்ள கூறுகள்தான். ஆனால் முதல் கூறு இவற்றில் எதற்கும் கிடையாது. ஜூன் மாதப் பள்ளிக்கூடச் செலவு, தீபாவளி, ஆவணி முகூர்த்தங்களுக்கான செய்முறை என்று அந்த மாதம் வராத செலவுக்குத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

"வந்து நிக்கிற செலவு தானே கேட்டு வாங்கிக்கிடும்த்தா. வராத செலவுக்கு வாய் கிடையாது. நாமதான் எடுத்து வைக்கணும்."

நான் பிறந்தது சிவகங்கைப் பக்கம் ஒரு விவசாய வீடு. அங்கே குதிரில் நெல் இருக்கும், பரணில் மிளகாய் இருக்கும், ரொக்கம்தான் இருக்காது. இங்கே தலைகீழ். உப்பிலிருந்து கறிவேப்பிலை வரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கவேண்டும், அந்தக் காசும் மாதத்தில் ஒரு நாள்தான் வரும். இப்படி ஒரு வீட்டைச் செட்டும் கட்டுமாக நடத்துவது தனித்தொழில் என்பது அத்தையிடம் வந்த பிறகுதான் தெரிந்தது. செலவைக் குறைப்பது அந்தத் தொழிலின் சின்னப் பகுதி. எதை எப்போது வாங்குவது, வாங்கியதை எந்த வரிசையில் தீர்ப்பது, எதில் கைவைக்கவே கூடாது என்பவைதான் பெரிய பாடங்கள். அவர் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. கூடவே வேலை செய்யச் சொன்னார்.

முதலில் கற்றது புளி. மாசி, பங்குனியில் புதுப்புளி சந்தைக்கு வரும்போது வருஷத்துக்கும் வாங்கிவிட வேண்டும். தனியாக வாங்கினால் சில்லறை விலை என்பதால் பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மொத்தமாக எடுப்பார், அதுவும் கொட்டையோடு. கொட்டை எடுத்த புளிக்குக் கடையில் கூட விலை. அந்த வித்தியாசம் நம் கைவேலைக்கான கூலி. மொட்டைமாடியில் பழைய சேலை விரித்து ஒரு வெயில் காயவைப்போம். லேசாக முறுகியதும் அரிவாள்மணையில் கீறிக் கொட்டையை நெம்பித் தள்ளவேண்டும். ஈரப்புளியில் கொட்டையோடு சதையும் போய்விடும். அதிகம் காய்ந்தால் புளி ஒடியும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பவேண்டும், அதுதான் பதம். பிறகு கோது, நார் எடுத்து, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு பிடி கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கையால் அழுத்தி வைப்போம். காற்று இருந்தால் பூச்சி வரும். ஈரக்கை பட்டால் பூசணம் பிடிக்கும். போன வருஷப் புளி தீரும்வரை புது ஜாடியைத் திறக்க விடமாட்டார்.

மிளகாயும் அப்படித்தான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதன் மதிப்பு அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. அறுவடைக்காலத்தில் வாங்கி, காம்போடு காயவைத்து, மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை மறுபடி வெயில் காட்டி எடுத்து வைப்பார். துவரம்பருப்புக்கு அடியில் காய்ந்த வேப்பிலை. சித்திரையில் கூழ் வடகம், மோர்மிளகாய், சுண்டைவத்தல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி வரத்து குறைந்து, முருங்கைக்காய் ஒன்றொன்றாக எண்ணி விற்கும் நாட்களில் வத்தக்குழம்பும் வடகமும் எங்களைக் காப்பாற்றும். சித்திரை வெயிலை ஐப்பசியில் சாப்பிடுகிறோம் என்று தோன்றும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் எங்கள் காய்கறிக் கூறில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஜாடியில் புளி இருந்தது. ரசமும் சாம்பாரும் தக்காளி இல்லாமலே நடந்தன. தக்காளி நம் சமையலுக்குப் பின்னால் வந்த விருந்தாளிதானே என்றார் அத்தை.

ரேஷன் அரிசியைக் கையாள்வது அடுத்த பாடம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். சீனி கிலோ 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. இவற்றை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் மாதக்கணக்கு ஐந்தாவது நாளே சாயும். ஆனால் அரிசி மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி வராது. அத்தை பையைத் திறந்ததும் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், ஒரு பருக்கையைக் கடிப்பார். கடித்தால் சுத்தமாக முறியும் பழைய அரிசி தண்ணீர் நன்றாக இழுக்கும். புழுங்கலாக இருந்தால் நேராக இட்லிக்கு. குழையும் அரிசி என்றால் கஞ்சிக்கும் பொங்கலுக்கும். சோற்றுக்கு ஏற்றது வந்த மாதம், கடை அரிசி வாங்குவது பாதியாகிவிடும்.

இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஆட்டும்போது ஒரு கைப்பிடி பழைய சோறு சேர்த்தால் ரேஷன் அரிசி இட்லியும் மெத்தென்று வரும். மாவைத் தீர்க்கவும் ஒரு வரிசை உண்டு: பொங்கிய முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, புளிப்பு ஏறியதும் வெங்காயம் தூவி ஊத்தப்பம், கடைசிக் கரண்டி மாவு குழிப்பணியாரம். புளிப்பு ஏற ஏறப் பலகாரத்தை மாற்றினால் மாவு வீணாவது என்ற பேச்சே இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் புளி ஊறும். வடித்த கஞ்சி பருத்திச் சேலைக்கு மொடமொடப்புத் தரும்.

அடுப்படியில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: பற்றவைத்த பிறகு வெங்காயம் உரிக்கக் கூடாது. நறுக்குவது, ஊறவைப்பது, அரைப்பது எல்லாம் முடிந்து பாத்திரங்கள் வரிசையாக நின்ற பிறகுதான் தீ. குக்கரில் கீழே பருப்பு, மேல் அடுக்கில் அரிசி, ஓரத்தில் இரண்டு உருளைக்கிழங்கு. ஆவி முழுதாக ஏறியதும் சிம்மில் வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் பெரிய தீ எரிந்தால் விசில் கூடுமே தவிர வேகம் கூடாது. சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் பென்சிலால் குறிப்பார். இருப்பு எவ்வளவு என்று பார்க்க ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழே ஒரு துடைப்பு. காஸ் காலியான மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் நிற்கும் உயரம் வரை ஈரம் கொஞ்ச நேரம் தங்கும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்வோம். 14.2 கிலோ எத்தனை நாள் வருகிறது என்பது பென்சில் குறிகளில் தெரியும். ஒரு நாலு நாள் முன்கூட்டித் தீர்ந்தால் பர்னர் அடைத்திருக்கிறதா, விருந்தாளிகள் வந்தார்களா என்று காரணம் தேடுவார்.

சந்தைக்குப் போவதில் முதல் விதி, என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போகக் கூடாது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது. அங்கே வாசலில் அன்றைய விலைப்பலகை இருக்கும். அத்தை அதை மேலிருந்து கீழே ஒருமுறை முழுதாகப் படிப்பார். எது இறங்கியிருக்கிறதோ அதுதான் அந்த வாரத்துப் பொரியல். இரண்டாவது விதி, விலையோடு பஸ் டிக்கெட்டையும் சேர்த்துச் சொல்வது. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் மளிகை மலிவுதான். ஆனால் இரண்டு பேர் போய்வரும் டிக்கெட்டைக் கழித்தால் மிஞ்சுவது என்ன? அந்தக் கழித்தலைச் செய்யாமல் எதையும் மலிவு என்று சொல்லவிடமாட்டார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும் எங்கள் மளிகைக் கணக்கே மாறியது. மாதம் ஒருமுறை நானும் அவரும் கட்டைப்பையோடு கீழமாசி வீதிக்குக் கிளம்பிவிடுவோம். பஸ் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் காத்திருப்போம்.

எங்கே பேரம் பேசுவது என்பதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, ஃபேன் வாங்கும் கடை என்று பெரிய தொகை புரளும் இடத்தில் கடைக்காரர் களைத்துப்போகும்வரை விடமாட்டார். தெருவில் வரும் கீரைக்காரம்மாவிடம் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்டதில்லை. "அவகிட்ட ரெண்டு ரூவா மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையா கட்டப்போறோம்? நாளைக்கு நல்ல கட்டா எடுத்து வைக்கணும்ல?" என்பார். உண்மையிலேயே எங்கள் வீட்டுக்கு வரும் கட்டில் பழுத்த இலை இருக்காது. கொத்தமல்லி கொசுறாக வரும். கையில் சில்லறை இல்லாத நாளில் நாளைக்குத் தா என்று சொல்லிவிட்டுப் போவார். கடையில் பற்று வைப்பது மட்டும் அத்தைக்குப் பிடிக்காது. நோட்டில் எழுதி வாங்குபவர்களால் விலையைக் கேள்வி கேட்க முடியாது, எடையையும் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் கருத்து.

பாக்கெட் சாமான்களில் நாட்காட்டித் தாளின் பின்பக்கம்தான் எங்கள் கால்குலேட்டர். விலையை எடையால் வகுத்துப் பார்த்தால் வேடிக்கையான விடைகள் வரும். டீத்தூளும் பெருங்காயமும் சின்ன பாக்கெட்டில் விலை கூட. பெரிதாக வாங்குவதுதான் லாபம். ஷாம்பு பெரும்பாலும் நேர்மாறு. ஒரு ரூபாய் சாஷேயை மில்லிக்கணக்கில் பார்த்தால் பாட்டிலைவிட மலிவாக இருக்கும். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்றபோது மனத்தில் வைத்தது எங்களைப்போல் அன்றாடம் வாங்குகிறவர்களைத்தான். அதில் இன்னொரு வசதி, பாட்டிலைக் கவிழ்ப்பதுபோல் சாஷேயில் தாராளம் காட்ட முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் விலை அதே இருக்கும், கிராம் குறைந்திருக்கும். அத்தை எடையைத்தான் முதலில் படிப்பார், விலை இரண்டாவது.

மிச்சம் பிடித்த காசு எங்கே போகும்? அதற்குத்தான் சிறுவாடு. காய்கறிக் கூறில் மிஞ்சிய இருபது, ஐம்பது எல்லாம் உளுந்து டப்பாவின் அடிக்குப் போகும்; சேர்ந்ததும் ஐந்நூறாக மாறும். மகனிடம்கூடச் சொல்லமாட்டார். கண்ணில் பட்ட காசுக்குச் செலவு தேடி வரும் என்பது அவர் அனுபவம். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்ததும் எங்கள் தெருவில் பல வீட்டு டப்பாக்கள் ஒரே நாளில் திறந்தன. எந்தப் பெண்ணிடம் எவ்வளவு இருந்தது என்பது புருஷன்மாருக்கு அன்றுதான் தெரிந்தது. சிலர் மலைத்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள், இரண்டு வீட்டில் அந்தப் பணம் கடனை அடைத்தது. அத்தை சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வங்கி வரிசையில் போய் நின்றார்.

அதன் பிறகு டப்பாவில் அதிகம் தங்கவிடுவதில்லை. தபால் ஆபீசில் ஆர்.டி. போட்டோம். ஐந்து வருஷக் கணக்கு. மாதம் நூறு ரூபாயிலிருந்து கட்டலாம். சீட்டும் உண்டு. ஏலச்சீட்டைப் பற்றி அவர் சொன்னதை எந்த வங்கி அதிகாரியும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லமாட்டார்: "முத ஆளா எடுத்தா அது கடன். கடைசி ஆளா எடுத்தா அது சேமிப்பு." முதலில் எடுக்கிறவர் தள்ளி எடுக்கும் தொகைதான் மற்றவர்களுக்குக் கழிவாக வருகிறது, பொறுத்திருப்பவருக்கு அது வட்டி மாதிரி. அவசரம் இருந்தால் எடு, அது கடன் என்று தெரிந்து எடு என்பார். சீட்டு பதிவு பெற்றதா என்று கேட்காமல் பணம் கட்டவும் மாட்டார்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர் சில இடங்களில் கையை இறுக்கவே மாட்டார். எனக்கு மிகவும் தாமதமாகப் பிடிபட்டது இந்தப் பகுதிதான். குக்கர் கேஸ்கெட் லேசாகத் தளர்ந்தாலே மாற்றிவிடுவார். ஆவி கசிந்தால் அதன் விலையைவிட காஸ் போகும். சொட்டும் குழாய்க்கு வாஷர் அன்றைக்கே. காஸ் ட்யூபில் விரிசல் தெரிந்தால் மறுபேச்சில்லை. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச விடமாட்டார். அப்பளம், வடகம் பொரிப்பதையே மாதத்தில் சில நாளுக்குச் சுருக்கிவிடுவார். பிள்ளைக்குப் பாலில் தண்ணீர் கலப்பது, பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, கிழிந்த செருப்போடு வேலைக்குப் போவது இவை மூன்றும் அவர் அகராதியில் சிக்கனம் ஆகாது. இன்று நூறு மிச்சம், நாளை ஆயிரம் தண்டம்.

செய்முறையும் அப்படியே. மதுரைப் பக்கம் மொய் வெறும் மரியாதை கிடையாது. திரும்ப வரவேண்டிய, திரும்பக் கொடுக்கவேண்டிய கணக்கு. அவரிடம் ஒரு மொய் நோட்டு உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அதோடு கொஞ்சம் சேர்த்துத்தான் செய்வார். முகூர்த்த மாதத்தில் நாலு பத்திரிகை சேர்ந்து வந்தால் வீட்டில் இரண்டு வாரம் கறி எடுக்கமாட்டோம், மொய்யைக் குறைக்கமாட்டார். ஆபத்துக்குக் கைகொடுக்கும் சொந்தம்தான் நம்மைப்போன்ற வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்பது அவர் வாதம். நான் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு வந்த ஒரு சமயம் முதலில் வந்து நின்றவர்கள் அந்த நோட்டில் இருந்த பெயர்கள்தான்.

இப்போது கணக்கு என் கைக்கு வந்துவிட்டது. சம்பளம் வங்கிக்கு வருகிறது. கணவரின் போனில் ஜிபே இருக்கிறது. ஸ்கேன் செய்து கொடுக்கும் காசு கையை விட்டுப் போவதே தெரிவதில்லை, டீக்கடையில்கூட. அதனால் ஏழாம் தேதியே மளிகை, காய்கறிப் பணத்தை ரொக்கமாக எடுத்துவிடுகிறேன். போனில் போகும் செலவுகளை ஞாயிற்றுக்கிழமை அவரே நோட்டில் எழுதவேண்டும் என்பது என் ஏற்பாடு. எழுதத் தொடங்கியதும் டீக்கடைக் கணக்கு தானாகவே இறங்கியது. ஈ.பி. மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் வந்து படிக்கும்வரை காத்திருப்பதில்லை. பாதியில் நானே ஒருமுறை குறித்துக்கொள்கிறேன். 2016 மே முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏறப் படிக்கட்டுக் கட்டணம். கோடையில் ஓட்டம் கூடினால் மிச்சமிருக்கும் ஒரு மாதத்தில் இழுத்துப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. மாதத்தின் நடுவில் வரும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயை எந்தக் கூறிலும் சேர்ப்பதில்லை. அது 2023 செப்டம்பரில் தொடங்கியபோதே, அதை நம்பி ஒரு செலவும் ஏற்றக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அவர் பெயரில் வரும் பணம் அவர் ஆர்.டி.க்குப் போகிறது.

இந்தத் தொழிலின் எல்லையையும் அவரே சொல்லித் தந்தார். வீட்டு வாடகை ஏறிய வருஷம் எல்லாக் கூறுகளையும் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்த்தோம். ஒன்றை நிறைத்தால் இன்னொன்று இளைத்தது. அத்தை நோட்டை மூடினார். "செட்டு இருக்குற காசை நீட்டும்த்தா. இல்லாத காசை உண்டாக்காது. இனிமே வரவைத்தான் பார்க்கணும்." மறுவாரமே முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்கச் சொல்லி மகனை அனுப்பினார், சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்ய எனக்கு ஏற்பாடு பண்ணினார். குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்தச் சிக்கனத்தைப் புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான். புளியை எவ்வளவு அழுத்தி அடைத்தாலும் ஜாடியின் கொள்ளளவு ஒன்றுதான்.

ஆனாலும் இந்தத் தொழிலைக் கற்றவர் வீட்டில் இருந்தால் அது இன்னொரு சம்பளம் வருவதற்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அது மருமகள்களுக்கு மட்டும் போய்ச்சேரும் சீதனமாக இருக்கவேண்டியதில்லை. எட்டாவது படிக்கும் என் மகனைக் கடைக்கு அனுப்பும்போது, முதலில் இரண்டு கம்பெனிப் பாக்கெட்டின் எடையையும் விலையையும் எழுதிக்கொண்டு வா என்கிறேன். வகுத்துப் பார்த்துவிட்டு எதை வாங்குவது என்று அவனே சொல்லவேண்டும்.